மூன்றாவது எடை

தரையில் விழுந்து கிடந்த டார்சி டாட்னெல் "ஐயோ" என்றோ "அம்மா" என்றோ கத்தவில்லை. "மன்னிச்சுக்கோ நெரிடா, உன் நாற்காலியை உடைச்சுட்டேன்" என்றான். அதுதான் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. இடது மணிக்கட்டு முறிந்துபோனது அப்போது அவனுக்கே தெரியாது.

மாதத்தின் முதல் ஞாயிறு, எங்கள் ஊர் மன்றத்தில் பகல் சாப்பாடு. வீட்டுக்கு ஒரு பாத்திரம் என்று சமைத்துக் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடுவோம். டார்சி சிப்பிக் கறியில் மசாலா போட்டு, மாவால் மூடிச் சுட்ட சிப்பிப் பை கொண்டுவருவான். முதலில் காலியாவது அதுதான். அன்றைக்கும் எல்லாருக்கும் அதை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவன், எதற்கோ சிரித்துப் பின்னால் சாய்ந்தான். நாற்காலியின் பின்காலிலிருந்து ஒரு குறுக்குக்கட்டை கழன்று தெறித்தது, கால் அகன்றது, நூற்று முப்பது கிலோ மனிதன் தடாலென்று தரைக்குப் போனான்.

கழன்ற கட்டை உருண்டு நெரிடா ஸ்கெல்டனின் காலடிக்கு வந்தது. அவள்தான் அந்த நாற்காலியைச் செய்தவள். எடுத்தாள், முனையைப் பார்த்தாள். நாற்காலி ஏன் உடைந்தது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்த பிறகுதான், அந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "பரவாயில்லை விடு டார்சி. நாற்காலிதானே."

என்ன பெரிய மனசு என்று மன்றமே நினைத்தது. இதைத்தான் பிற்பாடு அவளால் தாங்க முடியவில்லை. உண்மையை மறைத்தது ஒரு பக்கம் கிடக்கட்டும். அவனை மன்னித்தாளே, என்ன நெஞ்சழுத்தம்!

நெரிடாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பதினாறு வயதில் ஆப்பிள் கொட்டகையில் பெட்டியடிக்கப் போனவள். ஹூவான் ஆற்றங்கரையில் அந்தக் காலத்தில் பிறந்த பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் விதி. நாளெல்லாம் ஆணி, நாளெல்லாம் சுத்தியல். பதினைந்து வருஷம் அடித்ததில் வலது காது மந்தமாகிப்போனது. கொட்டகையை மூடியபோது, "இனிமே என் கையால ஒரு ஆணி அடிச்சா என்னன்னு கேளு" என்று சபதம் செய்துவிட்டு நாற்காலி செய்ய உட்கார்ந்தாள். புருஷன் குவீன்ஸ்லாந்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. யாராவது துக்கம் விசாரித்தால், "அது ஆணியடிச்ச கல்யாணம், கழண்டுடுச்சு" என்பாள். வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் வேலை சுத்தம். ஆணி கிடையாது, திருகு கிடையாது, பசைகூடக் கிடையாது. நாற்காலியின் கால்களைப் பாதி ஈரமாக இருக்கும்போதே துளைபோடுவாள். குறுக்குக்கட்டைகளை மட்டும் எலும்பாகக் காயவைப்பாள். காய்ந்த கட்டையின் கழுந்தை, அதாவது செதுக்கிய முனையை, துளைக்குள் அடித்து இறக்கிவிட்டால், கால் காயக் காயச் சுருங்கிக் கழுந்தைக் கவ்விக்கொள்ளும். அதற்கப்புறம் யானை இழுத்தாலும் வராது.

கட்டை காய்ந்ததா என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பட்டறைக் கணப்புக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. அதில் கட்டைகளை அடுக்கிவைப்பாள். ஈரம் பாதிக்கு மேல் போனதும் தினமும் காலையில் சமையல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, எடையைக் கட்டையின் முனையிலேயே பென்சிலால் எழுதுவாள். ஈரம் இருக்கும்வரை எடை குறைந்துகொண்டே வரும். அடுத்தடுத்து மூன்று நாள் ஒரே எடை வந்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம். முதல் எடை, இரண்டாவது எடை, மூன்றாவது எடை. மூன்றும் ஒன்றாக இருந்தால் உள்ளே போகும், இல்லாவிட்டால் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவாள். எழுதிய முனை துளைக்குள் மறைந்துவிடும். அதற்கப்புறம் அதை எவரும் பார்க்கப்போவதில்லை.

மன்றத்துக்கு நூறு வயது நிறைந்த வருஷம், பிளாஸ்டிக் நாற்காலி வாங்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. நெரிடா எழுந்து நின்றுவிட்டாள். "நூறாவது வருஷத்துல பிளாஸ்டிக்கா? வெட்கமா இல்லை உங்களுக்கு? இருபது நாற்காலி நான் செஞ்சு தரேன். ஆகஸ்ட் கடைசிக்குள்ள." மரம் வேண்டுமே என்றார்கள். டார்சி கையைத் தூக்கினான். காட்டு மரம் ஏற்றும் லாரியை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வுபெற்றவன் அவன். அவன் நிலத்தில் புயலில் சாய்ந்த பெரிய பிளாக்வுட் மரம் கிடந்தது. "எடுத்துக்கோ. சும்மா கிடந்து பூஞ்சை பிடிக்கறதுக்குப் பதிலா நம்ம ஆளுங்க உட்காரட்டும்" என்றான். அறுத்து, ஏற்றி, அவனே கொண்டுவந்து இறக்கினான்.

எங்கள் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குளிர்காலம், அந்த வருஷம் விடாமல் மழை. விறகு நமுத்துப்போய்க் கணப்பில் புகைதான் வந்தது. பதினாறு நாற்காலிக்கான கட்டைகள் ஒழுங்காகக் காய்ந்தன. கடைசி நாலு நாற்காலிக்கானவை காயவில்லை. முதல் எடை எழுதினாள். இரண்டாவது நாள் நிறுத்தால் குறைந்திருந்தது. இன்னும் பத்து நாளாவது வேண்டும். விழாவுக்கு இருந்ததோ மூன்று நாள். பதினாறு நாற்காலியோடு போய் நின்றிருக்கலாம், யாரும் தலையை வாங்கியிருக்க மாட்டார்கள். இருபது என்று மார்தட்டிவிட்டாளே! அடித்து இறக்கினாள். ஈரக் கட்டை உள்ளே போகும்போது இறுக்கமாகத்தான் போகும். காய்ந்து சுருங்கிய பிறகுதான் தளரும். அது அவளுக்குத் தெரியாதா? தெரியும். "இந்த ஒரு தடவை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அவ்வளவுதான். விழாவில் கைதட்டல் பலமாக இருந்தது.

மார்ச் மாதம் டார்சி விழுந்தான். நெரிடாவின் கையிலிருந்த முனையில் இரண்டே எண்கள் இருந்தன. இரண்டும் வேறு வேறு. மூன்றாவது இல்லை.

இனி ஊரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு ஒருவனைப் பிடித்துவிட்டது என்றால் அவனைக் கிண்டல் பண்ணியே கொல்லும். டார்சி கையில் மாவுக்கட்டோடு வந்த அன்றைக்கே பெட்ரோல் கடை கிளைவ் ஆரம்பித்தான்.

"என்னடா டார்சி, தரைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"என் மரம்டா அது. என்னையே தள்ளிவிட்டுடுச்சு பாரு" என்று டார்சியும் சிரித்தான்.

"பார்த்துடா, ஆத்துல கீத்துல இறங்கிடாதே. தண்ணி ரோட்டுக்கு வந்துரும்."

ஏப்ரல் சாப்பாட்டில் சீட்டுக் குலுக்கியதில் பரிசான இறைச்சித் தட்டு டார்சிக்கு விழுந்தபோது, "வேண்டாம்ப்பா, மிச்சமிருக்கற நாற்காலியைக் காப்பாத்தணும்" என்று யாரோ கத்த, கூரை அதிரச் சிரிப்பு. அதே நாள் கிளைவ் தன் கொட்டகையிலிருந்து ஓர் இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்பக்கம் வெள்ளைச் சாயத்தில், லாரியில் எழுதுவதுபோல, 'அதிகபட்சம் ஐந்து டன்' என்று எழுதியிருந்தது. எல்லாரும் நெரிடாவைப் பார்த்தார்கள். நாற்காலிக்காரியாயிற்றே, அவள் ஏதாவது சொல்ல வேண்டாமா? அவளும் சொன்னாள்:

"இதுக்கு நான் வேணா உட்காரப் பின்னல் போட்டுத் தரட்டுமா டார்சி? கப்பல் கயிறுலதான் போடணும்."

கிளைவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டார்சியும் சிரித்தான். இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டான். நெரிடாவும் சிரித்தாள், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீ, நான் என்ன பிறவி என்று தோன்றியது.

மே மாதம் டார்சி வரவில்லை.

அவளை இன்னொரு பயமும் அரித்தது. மோசமானவை நான்கு நாற்காலிகள், உடைந்தது ஒன்று. மிச்சம் மூன்று எவை என்று அவளுக்கே தெரியாது. எல்லாம் ஒரே அச்சு. அடையாளமெல்லாம் துளைக்குள் இருக்கிறது. நாளை யார் விழுவார்களோ? ஒரு புதன்கிழமை காலையில் சாவி வாங்கிக்கொண்டு மன்றத்துக்குப் போய், ஒவ்வொரு நாற்காலியாகக் கவிழ்த்துக் கட்டைகளைத் திருகிப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. பத்தாவது நாற்காலியில் இருக்கும்போது மன்றச் செயலாளர் பெரில் வந்து நின்றாள்.

"என்ன நெரிடா, எல்லாத்தையும் தலைகீழா போட்டு வெச்சிருக்கே?"

"எண்ணெய் பூசலாமான்னு பார்த்தேன்" என்றாள் நெரிடா. எண்ணெய்ப் புட்டிகூடக் கையில் இல்லை.

"உன்னை மாதிரி யாரு வருவா, சொல்லு. அவன் உடைச்சதுக்கு நீ வந்து பாடுபடறே." பெரில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். "டார்சி கதை தெரியுமா? டாக்டர்கிட்ட போனவன் ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டே இருந்தானாம். உட்காருங்கன்னு அந்தப் பொண்ணு எவ்வளவோ சொல்லியும் மாட்டேன்னுட்டான். ரொட்டியை விட்டுட்டானாம், காலையில முட்டைக்கோஸ் வேகவெச்ச தண்ணிதான். நல்லதுக்குத்தான்னு வெச்சுக்கோ. இளைச்சா சரி."

உண்மை நெரிடாவின் நாக்கு நுனிவரை வந்தது. "ஆமா, இளைச்சா நல்லதுதான்" என்று மென்று விழுங்கினாள்.

ஜூன் முதல் ஞாயிறு. மன்றத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசையில் டார்சியின் சிப்பிப் பை இருந்தது, டார்சி இல்லை. "வாசல்லயே குடுத்துட்டுப் போயிட்டான்" என்றாள் பெரில். நெரிடா தட்டில் ஒரு துண்டு வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தாள். டார்சி போகவில்லை. அவனுடைய பிக்கப் வண்டி வேலியோரம் நின்றது. உள்ளே அவன் ஸ்டியரிங் மேல் ஒரு டப்பாவை வைத்து, எதையோ கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சிரிப்புச் சத்தம் பெரிதாகக் கேட்டபோதெல்லாம் மன்றத்தின் பக்கம் நிமிர்ந்து பார்த்தான். அவன் கொடுத்த மரத்தில் ஊரே உட்கார்ந்து, அவன் சமைத்த பையைத் தின்றுகொண்டிருந்தது.

நெரிடா தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வெளியே போனாள். வண்டிக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன?" என்றான் டார்சி, டப்பாவை மூடிக்கொண்டே.

"நாற்காலியை நீ உடைக்கலை."

"சமாதானம் சொல்லாதேடி. மரம் பழசு, என் உடம்பு—"

"உன் உடம்பும் இல்லை, மரமும் இல்லை. நான்தான். கட்டை காயறதுக்கு முன்னாடியே அடிச்சுட்டேன். மூணு தடவை நிறுக்கணும். ரெண்டு தடவைதான் நிறுத்தேன். அவசரம், விழா, என் சவடால். ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தாலும் ஒருநாள் கழண்டிருக்கும். நீ விழுந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். கட்டையில எழுதியிருந்ததை அங்கேயே அழிச்சுட்டேன்."

டார்சி முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் தரையில கிடந்து உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்."

"ஆமா."

"பரவாயில்லைன்னே."

"ஆமா டார்சி."

"சரி, அது பயத்துல சொன்னே, போகட்டும். கப்பல் கயிறுல பின்னல் போடறேன்னியே. அதை எதுக்குடி சொன்னே? கிளைவுக்கு ஒண்ணும் தெரியாது, அவன் சொன்னான். நீ தெரிஞ்சே சொன்னியே."

நெரிடாவுக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் சமாதானம் சொல்லிவிடுவான், அவன் சுபாவம் அது. அதனால் பல்லைக் கடித்து அடக்கினாள்.

"இறங்கு" என்றான் டார்சி.

அவள் இறங்கி நேராக மன்றத்துக்குள் போனாள். "எல்லாரும் எழுந்திருங்க. நாற்காலியில ஒருத்தரும் உட்காராதீங்க" என்றாள்.

"என்னம்மா, தீ கீ பிடிச்சுடுச்சா?" என்றான் கிளைவ்.

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். மழை, ஈரம், இரண்டு எடை, கட்டைவிரல், எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது ஊர் என்ன செய்தது தெரியுமா? நம்பவில்லை! பெரில் வந்து அவள் தோளைத் தொட்டாள். "உனக்கு ரொம்ப இளகின மனசு நெரிடா. அவன் வெளியில உட்கார்ந்திருக்கறதைப் பார்த்துட்டுப் பழியை உன் தலையில போட்டுக்கறே. உன் வேலையை எங்களுக்குத் தெரியாதா?"

நெரிடாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை நல்லவளாக்காதே பெரில்!" என்று கத்திவிட்டாள். ஒரு நாற்காலியை இழுத்துக் கவிழ்த்து முழங்காலால் அழுத்திக்கொண்டு கட்டையைத் திருகினாள். வரவில்லை. அடுத்தது. அதுவும் வரவில்லை. உள்ளங்கை தோல் உரிந்தது. "போதும்மா, விடு" என்றான் கிளைவ். அவள் விடவில்லை. ஒன்பதாவது நாற்காலியில், கணப்புக்குப் பக்கத்தில் இருந்ததில், கட்டை கிறீச்சென்று சுழன்றது. பல் விழுவதுபோல் சும்மா கையோடு வந்தது. முனையைப் பெரிலின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"படி."

பெரில் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தாள். "நூத்தி எண்பத்தாறு. நூத்தி எண்பத்திரண்டு." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "மூணாவது எங்கே?"

"இல்லை" என்றாள் நெரிடா.

அந்த நாற்காலியில் சற்று முன்புவரை உட்கார்ந்திருந்தவள் பெரிலின் மகள், எட்டு மாத கர்ப்பிணி. நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் அடுக்கினார்கள். மிச்சச் சாப்பாட்டை எல்லாரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். கிளைவ் தன் இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். டார்சியின் வண்டி அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. கிளைவ் நாற்காலியும் கையுமாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊர் நெரிடாவை ஒன்றும் திட்டவில்லை. அவள் வந்தால் பேச்சைக் குறைத்துக்கொண்டது, அதைவிடத் திட்டியிருக்கலாம். இருபதையும் அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள். நல்லதும் கெட்டதும் சேர்த்துப் பட்டறையில் விறகாக்கினாள். புதிதாகச் செய்ய மரம் இல்லை. டார்சியிடம் போய்க் கேட்க முகம் இல்லை. ஜூலையில் ஒருநாள் காலை கதவைத் திறந்தால், அந்தப் பழைய பிளாக்வுட்டின் மிச்சப் பலகைகள் வாசலில் அடுக்கியிருந்தன. வண்டித் தடம் மட்டும் சேற்றில் இருந்தது. அவள் வேலையை ஆரம்பித்தாள். இந்தத் தடவை தேதி யாருக்கும் சொல்லவில்லை. பென்சில் ஒரே எண்ணை மூன்று தடவை எழுதும்வரை ஒரு கட்டைகூடத் துளைக்குள் போகவில்லை. ஆறு மாதம் என்று நினைத்தது ஒன்றரை வருஷம் ஆனது.

புது நாற்காலிகள் வந்த ஞாயிறு டார்சியும் வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான், ரொம்ப இல்லை. கையில் அதே சிப்பிப் பை. மேசையில் வைத்தான். அவனுக்காக விட்டிருந்த இடத்துக்கு வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்றான். இரண்டு கையையும் சாய்மானத்தில் ஊன்றி முழு எடையையும் போட்டு அழுத்தினான். இந்தப் பக்கம் ஆட்டினான், அந்தப் பக்கம் ஆட்டினான். குனிந்து ஒவ்வொரு கட்டையையும் பிடித்துப் பார்த்தான். எதிரே நின்ற நெரிடா தலைகுனிந்துகொண்டாள்.

"உன்னைக் குத்திக்காட்ட இல்லை நெரிடா" என்றான் டார்சி. "எந்த வீட்டுக்குப் போனாலும் இப்படித்தான். முப்பது வருஷமா யாரும் பார்க்காத மாதிரி அழுத்திப் பார்த்துட்டுத்தான் உட்காருவேன். இந்த உடம்பை வெச்சுக்கிட்டு வேற என்ன பண்றது? அன்னைக்கு மட்டும்தான் பார்க்கலை. நீ செஞ்சதுன்னு நேரா வந்து உட்கார்ந்தேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். நாற்காலி முனகக்கூட இல்லை. "ஆறிடப்போகுது, வெட்டு" என்று கத்தியை அவள் பக்கம் தள்ளினான். நெரிடா பையை வெட்டினாள். அவன் தட்டில் முதல் துண்டை வைத்தபோது கொஞ்சம் மேசையில் சிந்திவிட்டாள். அவன் அதைப் பார்த்தான், பரவாயில்லை என்று சொல்லவில்லை.